கூரையைத் தொடாத சுவர்

அக்கா,

நேற்று மாலை பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டும் படங்கைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். மழையில் நனைந்த சாக்கின் வாடை, அதில் ஊறிப்போன கொழுந்துக் கறையின் வாடை, கொஞ்சம் மண். என் உடுப்பு நனைகிறதே என்று அவர் நகரப் பார்த்தார். "பரவாயில்ல, இருங்க" என்றேன்.

நீங்கள் கிளினிக்குக்கு வரும் நாட்களில் அந்த வாடையும் உங்களோடு வரும். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாலும் வரும். என் அம்மாவிடமும் அதே வாடைதான். இதை நான் உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. சொல்ல வேண்டியிருந்த நாளில் சொல்லாததால் இப்போது எழுதுகிறேன்.

உங்களை முதலில் பார்த்தது கிளினிக் வராந்தாவில். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. நீங்கள் சுவரோரமாக மகள் கௌசல்யாவோடு நின்றீர்கள். அவள் கையை நீங்கள் கோத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள், இறுக்காமலும் விடாமலும். பிடித்திருப்பது அவளுக்கே தெரியக்கூடாது என்பது போன்ற பிடி. பத்தொன்பது வயதுப் பெண்ணை ஏன் இப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். காரணம் தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் ரேடியோவில் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்றாள். நீங்கள் ரேடியோவைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள். பிறகு பல்புக்குள்ளிருந்து ஆண்கள் தன் காலடிகளை எண்ணுகிறார்கள் என்றாள். பல்புக்குத் துணி கட்டினீர்கள். பூசாரியிடம் போனீர்கள், எலுமிச்சம்பழம் வெட்டினீர்கள், அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தீர்கள். மனச்சிதைவு என்று டொக்டர் எழுதினார். உங்களோடு பேசும்படி என்னை அனுப்பினார்கள். நான் பயிற்சியில் இருப்பவள், நீங்கள் சம்மதித்தால் மட்டும் உங்கள் குடும்பத்தோடு ஆறு தடவை உட்கார்ந்து பேசுவேன் என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"நீங்க படிச்சி முடிச்சிட்டீங்களா மிஸ், இல்ல எங்கள வச்சித்தான் படிக்கப் போறீங்களா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "ரெண்டுந்தான்" என்றேன்.

"அப்பச் சரி. நல்லாப் படிங்க. நீங்க நல்லாப் படிச்சா எம்புள்ளைக்குத்தானே நல்லது."

பயிற்சி ஒரு வருடம். பன்னிரண்டு பேர் இருந்தோம். தாதிமார், சமூக சேவை உத்தியோகத்தர்கள், என்னைப் போலப் புதிதாகப் பட்டம் முடித்த சிலர். கடுமையான மனநோய் வந்த இளம்பிள்ளைகளை மாத்திரையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசப் பழக்குவதுதான் பாடம். வாடகை வீடொன்றின் மேல்மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். எங்களுக்குப் படிப்பித்த டொக்டர் கொழும்பிலிருந்து ரயிலில் வருவார். சிங்களப் பெண்மணி. தமிழை மெதுவாக, பிழை விட்டாலும் வெட்கப்படாமல் பேசுவார். குறை சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்பி வரும், ஆகவே யார் யாரைக் குறை சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேளுங்கள் என்பார்.

ஒருவர் அப்பா, ஒருவர் அம்மா, ஒருவர் நோயாளிப் பிள்ளை என்று நடித்துப் பழகுவோம். எனக்கு எப்போதும் பேசாத மகள் வேஷம்தான் கிடைக்கும். "இவளுக்கு நடிக்கவே தேவல்ல டொக்டர், சும்மா உக்காந்தாலே போதும்" என்று நிலூஃபா சொல்லுவாள். அவளுடைய வாப்பாவுக்குப் பஸார் வீதியில் துணிக்கடை. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். முதல் நாள் அறிமுகத்தில் ஊர் எது என்று கேட்டபோது பதுளை டவுன் என்று சொல்லியிருந்தேன். நான் வாடகைக்கு இருக்கும் அறை டவுனில்தான் இருக்கிறது. ஆகவே அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பிறந்தது பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எட்டு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் லயத்தில், ஐந்தாவது காம்பரா. எங்கள் தோட்டத்திலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தி "நீங்க தோட்டமா?" என்று கேட்டாள். ஆமென்றேன். மறுநாளிலிருந்து அவள் தன் கோப்பையைத் தனியாக அலமாரிக்குள் வைக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் டவுன்தான்.

உங்கள் கணவர் தங்கராஜ் அண்ணன் முதல் மூன்று சந்திப்புக்கும் வரவில்லை. ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அப்பா இல்லாமல் குடும்பம் எப்படி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்விடலாமே என்று வகுப்பில் பேச்சு வந்தது. டொக்டருக்கு அது பிடித்திருந்தது. "வீட்டுல பேசினா நல்லது, அவங்க இடம். ஆனா தனிமை இருக்கா? வேற ஆக்கள் கேக்காம பேச ஏலுமா?" என்று கேட்டார்.

"ஏலும் டொக்டர். நான் ஒரு லயத்துக்குப் போயிருக்கேன். கதவு இருக்கு, சாத்தலாம்" என்றாள் நிலூஃபா.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிற?"

அக்கா, அந்த அறையில் லயத்துக்குள் வளர்ந்த ஆள் நான் ஒருத்திதான். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு முழம் வெளி. அதற்கு மேல் எல்லோருக்கும் ஒரே தகரம். தீப்பெட்டி வேண்டுமென்றால் சுவருக்கு மேலால் எறிவார்கள். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கினால் எங்கள் வீட்டில் கண் எரியும். எங்கள் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடிக்கும்போது முதலில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். ரகசியம் என்றால் வீட்டுக்குள் பேசமாட்டார்கள். ரோட்டில் நடந்துகொண்டே பேசுவார்கள்.

இதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். "கதவு இருக்கு டொக்டர்" என்றேன்.

நல்ல வெயில் அன்றைக்கு. மழை பெய்திருந்தால் தகரச் சத்தத்தில் பாதியாவது மறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை, லயமே வீட்டில் இருந்தது. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்த பெண்கள் குடத்தைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டீர்கள். எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும் என்பது பாடம். நான் பாயில் உட்கார்ந்தேன். "ஐயோ மிஸ், சட்ட அழுக்காயிரும்" என்று நீங்கள் பதறினீர்கள். தங்கராஜ் அண்ணன் கதவோரம் நின்றபடி, "மிஸ் தரையில இருக்கும்போது நான் எங்க போய் உக்கார்றது, குழி தோண்டியா?" என்று கேட்டார். அதற்குக் கௌசல்யா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டேப் செய்யும் சிறிய கருவியை நடுவில் வைத்தேன். குடும்ப வரைபடத்துக்கான தாளை விரித்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவர்களின் வட்டத்துக்குள் பென்சிலால் கீறல்.

"எனக்கு மட்டும் ஏன் மிஸ் உள்ளுக்குக் கீறியிருக்கு?" என்று கௌசல்யா கேட்டாள்.

"வருத்தம் உள்ளவங்களுக்கு அப்படிக் கீறுறது."

"அப்ப அம்மாவுக்கும் கீறுங்க. எந்நேரமும் தலயிடிங்குது."

மறுபடி எல்லோரும் சிரித்தோம். நான் தைரியம் அடைந்துவிட்டேன். அடுத்த கேள்வி தாளில் இருந்தது, கேட்டேன். "ஒங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் வேற யாருக்காவது இந்த மாதிரி வருத்தம் இருந்திச்சா?"

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் இல்ல" என்றார் தங்கராஜ் அண்ணன் உடனே.

நீங்கள் தலையைத் தூக்கி மேலே பார்த்தீர்கள். சுவர் முடியும் இடத்தை, தகரத்துக்குக் கீழே உள்ள அந்த இருட்டை. அந்தப் பக்கம் உங்கள் நாத்தனார் பார்வதி அம்மாவின் வீடு. பென்ஷன் வாங்கியதிலிருந்து எந்நேரமும் வீட்டில் இருப்பவர். நீங்கள் எழும்பப் பார்த்தீர்கள். "வாங்களேன் மிஸ், அப்படி ரோட்டுப் பக்கம் நடந்துகிட்டே சொல்றேன்" என்றீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கியது. உடனே விளங்கியது. ஆனால் டவுனில் வளர்ந்த ஒருத்திக்கு விளங்கியிருக்காது. கருவி நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டும் என்பது பாடம். "இல்லக்கா, இங்கயே சொல்லுங்க. இங்க பேசுறது இந்த வீட்ட விட்டு வெளிய போகாது" என்றேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். படித்த பிள்ளை சொல்கிறது, அதற்கு ஏதோ வழி தெரிந்திருக்கும் என்று நினைத்தீர்களோ என்னவோ. உட்கார்ந்து, உதடு மட்டும் அசைவதுபோலப் பேசத் தொடங்கினீர்கள். கருவியில் ஒன்றும் பதியாது. நான் குனிந்து, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா" என்றேன்.

நீங்கள் சத்தமாகச் சொன்னீர்கள்.

"எங்க அக்காவுக்கும் இதேதான் மிஸ். தனியாப் பேசுவா, ராவு பகல் நடப்பா. மாட்டுக் கொட்டில்ல காலக் கட்டிப் போட்டிருந்தாங்க. நான்தான் சோறு கொண்டுபோவேன். பன்னெண்டு வயசு எனக்கு. கயிறு வெட்டி புண்ணாப் போச்சி. மருந்து போடலாம்னு அவுத்தேன். மருந்து போடத்தான் அவுத்தேன் மிஸ். எழும்பிப் போயிட்டா. இன்னி வரைக்கும் வரல. அவளே அவுத்துக்கிட்டா போலன்னு வீட்டுல நெனச்சாங்க. நான் சொல்லல."

உங்கள் அக்கா சின்ன வயதில் காய்ச்சலில் இறந்ததாகத்தான் தங்கராஜ் அண்ணனுக்குத் தெரியும். அவர் உங்களைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். கௌசல்யா மட்டும் உங்கள் பக்கம் நகர்ந்து வந்து, "அவுத்தது நல்லதுதானேம்மா" என்றாள். நீங்கள் அழவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, கவனமாக வைக்கும் சத்தம். நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன். நான் தாளில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் கீறினேன்.

அந்த வாரம் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டினேன். தாய் மகளைப் பற்றிக் கொண்டிருக்கும் பயத்தின் வேர் இது, இதைப் பேசவைத்தது பெரிய காரியம் என்று டொக்டர் சொன்னார். என் வாழ்க்கையில் பத்துப் பேருக்கு முன்னால் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதையும் நான் எழுதத்தான் வேண்டும். அன்று மாலை பேக்கரியில் கேக் துண்டொன்று வாங்கி அறையில் தனியாக இருந்து சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நீங்கள் கிளினிக்குக்கு வந்தபோது உங்கள் கன்னம் ஒட்டியிருந்தது. கௌசல்யாவை மருந்து வரிசையில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

"பீலியில பேச்சு வந்திருச்சி மிஸ். நோய்க்காரக் குடும்பத்துல இருந்து மறச்சிக் கட்டிக்குடுத்துட்டாங்களாம். இவரு பேசுறதில்ல, சோத்தப் போட்டா திங்கிறாரு, அவ்வளவுதான். மின்ன எல்லாம் எம்புள்ளைக்குப் பேய் புடிச்சிருக்கின்னு சொன்னாங்க. பாவம்னு ஆளுக்கொரு தாயத்து கொண்டாந்து குடுத்தாங்க. இப்ப பேயே நான்தானாம்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தீர்கள். ரத்தத்தில் உள்ளதற்கு மாத்திரை எதற்கு, கட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நாத்தனார் கேட்கிறார், நான் உள்ளவரை ஒருவரும் அவள் மேல் கயிறு போட முடியாது என்றீர்கள். நான் உங்கள் ஃபைலைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஒங்க மேல கோவம் இல்ல மிஸ்" என்றீர்கள் பிறகு. "டவுன்ல உள்ளவங்களுக்கு லயத்துச் செவரப் பத்தி என்ன தெரியும்?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நானும் லயந்தான் அக்கா, எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் சத்தமாகச் சொல்லச் சொன்னேன் என்று. வராந்தாவில் நிலூஃபா நின்றாள், இரண்டு தாதிமார் நின்றார்கள். நான் அடுத்த திகதியை உங்கள் கார்டில் எழுதி நீட்டினேன்.

நான் டவுன் என்பதை நம்பித்தான் அப்படிச் சொன்னீர்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளை ஒன்றைத் தோட்டத்துத் தாய்க்கு அடையாளம் தெரியாதா? பாயில் கால் மடக்கி உட்கார்ந்த விதம் போதாதா? ஒருவேளை தெரிந்துதான், நானே வாய் திறக்கட்டும் என்று ஒரு வழி விட்டுப் பார்த்தீர்களோ. அதற்கு இனிப் பதில் இல்லை.

அடுத்த திகதிக்கு நீங்கள் வரவில்லை. அதற்கு ஆறு நாள் முன்னால் மலையில் குளவி கலைந்து நாலைந்து பேருக்குக் கொட்டியதாகவும், மற்றவர்கள் ஓடியபோது நீங்கள் கூடையின் கயிறு தலையில் சிக்கி விழுந்ததாகவும் பிறகுதான் அறிந்தேன். லொறியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டீர்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? வரிசையில் உங்களைத் தேடிவிட்டு, கார்டில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். "ஆளு இல்லீங்க" என்றார் தங்கராஜ் அண்ணன். வேலைக்குப் போயிருக்கிறீர்கள் என்று நினைத்து, எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் போனேன், தனியாக. யாரும் என்னை அனுப்பவில்லை. தங்கராஜ் அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலில் இருந்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கொக்கியில் வேலிக் கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள்.

"எனக்கு வேற வழி தெரியல மிஸ். நான் வேலைக்குப் போகணும். அவ இருந்தா பாத்துக்குவா. இப்ப யாரு இருக்கா?"

கதவுக்குப் பின்னாலிருந்து கௌசல்யா என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். "அம்மா எங்க மிஸ்? அம்மா போயிட்டா. நான் அவுத்து விடல. சத்தியமா நான் அவுத்து விடல." அவளுக்கு உங்களைக் காட்டவே இல்லை அக்கா. பெட்டி வாசலில் இருந்த அன்றைக்கும் அவள் உள்ளே இருந்திருக்கிறாள். பறை கேட்டிருக்கும், ஒப்பாரி கேட்டிருக்கும். யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரமாக மாத்திரையும் இல்லை.

"இது பெரிய பாவம்ணே" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் சுவருக்கு மேலிருந்து பதில் வந்தது.

"அவன ஏன் ஏசுறீங்க? கம்பி சுத்தச் சொன்னது நான்தான்." பார்வதி அம்மா அவர் வீட்டிலிருந்தே பேசினார். "நீங்க கதவத் தொறந்து வச்சிட்டு நாலு மணி பஸ்ல போயிருவீங்க. புள்ள காட்டுக்குள்ள எறங்கிப் போனா தேடுறது யாரு? ஒங்க ஒப்பீஸா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் தலையைத் தூக்கி, சுவர் முடியும் இடத்தைப் பார்த்துப் பேசினேன். எப்படி அவ்வளவு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"நானும் லயத்துலதான் பொறந்தேன் அம்மா. பசறப் பக்கம். எங்க வீட்டுச் செவரும் இப்படித்தான் பாதியில நிக்கும். அன்னிக்கு அவங்க மெதுவாத்தான் சொன்னாங்க. வெளிய போயி சொல்றேன்னும் கேட்டாங்க. விடாம இங்கயே சத்தமா சொல்ல வச்சது நான். நீங்க கேக்குறீங்கன்னும் எனக்குத் தெரியும். கோப்ப வச்சது காதுல விழுந்திச்சி."

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். தங்கராஜ் அண்ணன் என்னை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வாங்க அம்மா, மொகம் பாத்துப் பேசுவோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேட்டது நெசந்தான்" என்றார். "கேட்டதோட விட்டிருக்கலாம். பீலியில வாயத் தொறந்தது நானு. அவ சாகுற வரைக்கும் எங்கிட்டப் பேசல. நானும் பேசல."

கம்பியைத் தங்கராஜ் அண்ணன் கழற்றினார். முறுக்கு இறுகியிருந்ததால் வெகுநேரம் எடுத்தது. கௌசல்யாவின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் பாயில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் நால்வரும் தரையில் இருந்தோம். அவளுடைய அம்மாவுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் தங்கராஜ் அண்ணன்தான் என்று அவரைப் பார்த்தேன். அவர் சொன்னார். குளவி, மலை, லொறி, எல்லாம். அவள் கேட்டுவிட்டு, "அப்ப நான் அவுத்து விட்டதால இல்லியா?" என்றாள். "இல்லடா" என்றார் அவர். அதன் பிறகுதான் அவள் அழுதாள். பார்வதி அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். நான் கருவி எதையும் கொண்டுபோயிருக்கவில்லை.

இதை வகுப்பிலும் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் உன்னிடம் கேட்டேனே" என்றார். நிலூஃபா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி சொல்லல? நாங்க என்ன செஞ்சிருப்போம் ஒன்ன?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அவர்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் இப்போது படுகிறது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். கௌசல்யாவுக்குக் குரல்கள் நிற்கவில்லை. சில நாள் தூரத்தில், சில நாள் காதோடு. காலையில் பார்வதி அம்மா வந்து மாத்திரை கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறார். போன மாதம் அவர் கண்ணயர்ந்த நேரம் அவள் போய்விட்டாள். நாலு மணி நேரம். தெமோதரை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், செருப்பில்லாமல். எந்த ரயிலிலும் ஏறவில்லை. அன்று தங்கராஜ் அண்ணன் மறுபடி கம்பியைக் கையில் எடுத்திருக்கிறார். பார்வதி அம்மா பறித்து வாழை மரத்துப் பக்கம் எறிந்தாராம். இனி எத்தனை தடவை எறிவார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் வயது போகிறது.

கதவைத் திறக்கச் சொன்னது நான். ஆகவே அவள் போனால் அதற்கும் நான்தான். பன்னிரண்டு வயதிலிருந்து நீங்கள் வயிற்றுக்குள் வைத்திருந்தது என்ன என்று பதிவில் கேட்டு நான் விளங்கிக்கொள்ளவில்லை. இப்போதுதான் விளங்குகிறது. நேற்று அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தபோது, மடியில் இருந்த என் வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பார்வதி அம்மா எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார். ஒரு ரிங், பிறகு வைத்துவிடுவார். பிள்ளை வீட்டில் இருக்கிறாள், மாத்திரை குடித்துவிட்டாள் என்று அர்த்தம். இன்றைக்கு ஏழு மணிக்கு வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. நானே அழைத்துப் பார்த்தேன், அவர் ஃபோன் வேலை செய்யவில்லை. கை சும்மா இருக்க முடியாமல்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன். அங்கே போகும் முதல் பஸ் எட்டரைக்கு. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது அடித்தது. ஒரு ரிங்.

இருக்கிறாள், அக்கா. இன்றைக்கு இருக்கிறாள்.